நீர்நாகம் வந்த வழி – 9: ஏழு பகடை உயிர்

சென்ற வாரம் கதை பகாங்கின் சினி ஏரியில் நின்றது. ஏரியின் அடியில் ஸ்ரீ கூமும் என்ற நாகம் குடியிருப்பதாக ஜாக்குன் மக்கள் சொல்வதையும், அந்தக் கதைகளைக் கேட்டு 1950களில் அங்கே போன ரேடியோ மலாயாக்காரர் ஸ்டுவர்ட் வேவல் 1958இல் புத்தகம் வெளியிட்டதையும் பார்த்தோம். அதற்கு முந்தைய வாரங்களில் மணிமேகலையின் நாகநாடு வந்தது. யமுனை மடுவில் கிடந்த காளியன் வந்தான்.

இந்த வாரம் நாகம் இரண்டு இடங்களில் பிடிபடுகிறது.

ஒன்று, கேமரன் மலையில் எழுந்த ஓர் அணை. இன்னொன்று, அமெரிக்காவில் அச்சான ஒரு விளையாட்டுப் புத்தகத்தின் பக்கம். இரண்டுக்கும் நடுவே 14 ஆண்டுகள்தான்.

*

சினி ஏரியின் நீர் சினி ஆறாக இறங்கிப் பகாங் ஆற்றில் கலக்கிறது. அந்தப் பேராற்றை எதிர்த்து மேலேறினால் ஜெலாய் வரும். ஜெலாயை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் தெலோம், பெர்த்தாம் என்ற மலையாறுகள். அவை பிறப்பது கேமரன் மலையில். ஸ்ரீ கூமும் வாழும் ஏரிக்கும் தேயிலைச் சரிவின் ஓடைக்கும் போய்ச் சேரும் ஆறு ஒன்றே, கடலும் ஒன்றே.

1885இல் வில்லியம் கேமரன் இந்த மேட்டு நிலத்தை அளக்க வந்தார். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். ஹாபு பக்கத்துச் செங்குத்தான காடு வெட்டப்பட்டது. வெட்டிய சரிவில் தேயிலை நட்டுக் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். லயம் வந்தது. லயத்துக்குப் பக்கத்தில் கோவில் வந்தது. கோவிலில் அம்மனின் தலைக்கு மேல் நாகம் படம் விரித்து நின்றது.

தமிழ்த் தொழிலாளி ஊரிலிருந்து கொண்டுவந்த நாகம் அது. புற்றுக்குப் பால் வார்ப்பார்கள். முட்டை வைப்பார்கள். குழந்தை வரமும் கேட்பார்கள், அறியாமல் மிதித்ததற்கு மன்னிப்பும் கேட்பார்கள். கோபம் வந்தால் தோஷமாகப் பிடிக்கும் என்ற பயம் உண்டு. ஆனாலும் அது குடும்பத்தோடு கணக்கு வைத்திருக்கும் தெய்வம். அதை வாள் எடுத்து வெட்டப் புறப்பட்ட வீரன் எவனும் தோட்டத்துக் கதைகளில் இல்லை.

அதே மலையில் தமிழர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இன்னொரு நாகம் இருந்தது. அது செமாய் மக்களுடையது.

*

செமாய் மக்கள் மலேசியப் பூர்வகுடிகளில் ஒரு பெரிய பிரிவினர். கேமரன் மலையின் காட்டோரங்களிலும் கீழே பேராக் பக்கத்திலும் அவர்களுடைய ஊர்கள் இருக்கின்றன. அமெரிக்க மானுடவியலாளர் ராபர்ட் நாக்ஸ் டென்டான் 1960களின் தொடக்கத்தில் அவர்களோடு தங்கி ஆராய்ந்தார். அவருடைய புத்தகம் 1968இல் நியூயார்க்கில் வெளிவந்தது. வன்முறையை அறவே ஒதுக்கும் மக்கள் என்று செமாய்கள் உலக அளவில் பேசப்பட்டது அதன் பிறகுதான்.

வன்முறைக்கு அஞ்சும் அந்த மக்கள் இடிக்கும் அஞ்சினார்கள். அவர்களுடைய ஒழுக்கத்தில் நமக்கு வியப்பாகத் தோன்றும் ஒரு விதி உண்டு. விலங்கைக் கேலி செய்யக் கூடாது, பூச்சியைப் பிடித்து வதைத்து விளையாடக் கூடாது. மீறினால் வானத்தில் இடியின் சக்தி சினம் கொள்ளும், புயல்மழை பிடிக்கும். பூமிக்கடியில் நீரோடு கிடக்கும் நாகம் புரளும். நிலம் சரியும், வெள்ளம் பொங்கி ஊரை விழுங்கும்.

இது ஓர் ஊரின் தனிக்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. பகாங்கின் கிராவ் காட்டில் வாழும் செவோங் மக்களிடமும் இதே அச்சம் இருப்பதை மானுடவியலாளர் சிக்னே ஹோவெல் 1984இல் வெளியான தன் நூலில் விரிவாக எழுதினார். அங்கே பூமிக்கடியில் இருப்பது ஆதிப் பாம்பு. விலங்கைப் பார்த்துச் சிரித்தால் அது அசையும், நீர் மேலெழும். தீபகற்பக் காடுகளிலும் போர்னியோவிலும் இந்த நம்பிக்கை பரவிக் கிடப்பதை ரோட்னி நீதம் 1964இலேயே கவனித்து ஒரு கட்டுரை எழுதியிருந்தார்.

இந்த நாகத்தின் இயல்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதற்குப் புதையல் கிடையாது. அது குகை வாசலில் காவல் நிற்பதில்லை. யாரையும் தேடி வந்து கடிப்பதும் இல்லை. மனிதன் அளவு மீறும்போது மட்டும் அசைகிறது. அதன் உடம்புதான் மலையடி நீர், அதன் அசைவுதான் மண்சரிவு. அதைக் கொல்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. கொல்வதானால் மலையைக் கொல்ல வேண்டும்.

ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் செங்குத்துச் சரிவில், வேரோடிய மரங்களை நம்பி வாழ்பவர்கள் கண்டுகொண்ட அறிவு இது. மண் எப்போது சரியும் என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொன்ன கதை மலாயாவில் வேறு இல்லை என்றே சொல்லலாம்.

*

இப்போது 1963.

டென்டான் செமாய்களோடு தங்கியிருந்த அதே காலத்தில் கேமரன் மலையைக் குடைந்துகொண்டிருந்தார்கள். மின்சாரம் வேண்டும். கோலாலம்பூருக்கு, ஈயச் சுரங்கங்களுக்கு, புதிதாய் விடுதலை பெற்ற நாட்டின் தொழிற்சாலைகளுக்கு. கேமரன் மலையில் உயரமும் இருந்தது, தண்ணீரும் இருந்தது. பொறியாளர்களுக்கு வேறென்ன வேண்டும்?

தெலோம் ஆற்றின் நீரைச் சுரங்கக் குழாய் வழியாகப் பெர்த்தாமுக்குத் திருப்பினார்கள். ரிங்லெட்டில் பெர்த்தாமின் குறுக்கே சுமார் 40 மீட்டர் உயரத்தில் சுல்தான் அபு பக்கார் அணை எழுந்தது. தேங்கிய நீர் ரிங்லெட் ஏரியானது. கொள்ளளவு சுமார் 67 லட்சம் கன மீட்டர். அங்கிருந்து நீர் மறுபடி மலைக்குள் புகுந்து, பேராக் பக்கம் இறங்கி, 100 மெகாவாட் சுல்தான் யூசோப் நிலையத்தின் சுழலிகளைச் சுற்றியது.

பொறியியலாகப் பார்த்தால் பெரிய சாதனை. அதை மறுக்க வேண்டியதில்லை, இரவில் லயங்களில் எரிந்த விளக்குகளுக்கும் அந்தச் சாதனைதான் வழி திறந்தது. ஆனால் இந்தத் தொடரின் கண்ணுக்கு அதற்குள் வேறொன்றும் தெரிகிறது. பகாங் ஆற்றில் இறங்கித் தென்சீனக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த நீரில் ஒரு பங்கு, அந்த ஆண்டு முதல் மலைமுதுகைத் துளைத்து மேற்கே மலாக்கா நீரிணைக்குப் போகத் தொடங்கியது. சினியின் நாகம் எந்த ஆற்றின் வழியாகக் கடலுக்குப் போனதாகக் கதை சொன்னதோ, அந்த ஆற்றின் தலைநீர் திசை மாறியது.

நாகத்தை மனிதன் அளந்துவிட்டான். இத்தனை கன மீட்டர், இத்தனை மெகாவாட்.

பூமியின் மறுபக்கத்தில் இன்னொரு வகை அளவு காத்திருந்தது.

*

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா ஒரு சின்ன ஏரிக்கரை ஊர். அங்கே இன்சூரன்ஸ் கம்பெனி வேலையை இழந்து, வீட்டில் செருப்பு தைத்துக் குடும்பம் நடத்திய ஒருவருக்குப் போர் விளையாட்டுகளில் தீராத பித்து. பெயர் கேரி கைகாக்ஸ். 1971இல் ஜெஃப் பெரென் என்பவரோடு சேர்ந்து பொம்மைப் படைகளை மோதவிடும் ‘செயின்மெயில்’ விதிநூலை வெளியிட்டார். மின்னசோட்டாவில் டேவ் ஆர்னெசன் அந்த விதிகளை எடுத்து, படைக்குப் பதிலாக ஒவ்வொரு ஆட்டக்காரரும் ஒரே ஒரு வீரனாக நிலவறைக்குள் இறங்கும்படி மாற்றினார். இருவரும் சேர்ந்தார்கள். 1974இல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பிறந்தது. முதல் அச்சு 1,000 பிரதிகள், விலை 10 டாலர்.

மேசையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் கதை சொல்லி ஆட்டத்தை நடத்துவார். மற்றவர்கள் வீரனாகவும் மந்திரவாதியாகவும் மாறித் தங்கள் செயலை வாயால் சொல்வார்கள். வெட்டு விழுந்ததா, மந்திரம் பலித்ததா என்பதைப் பகடை தீர்மானிக்கும்.

இப்படி ஓர் ஆட்டத்துக்கு அடங்காத பசி ஒன்று இருந்தது. வாராவாரம் புதுப்புது அரக்கர்கள் வேண்டும். கைகாக்ஸ் கிடைத்த இடத்திலெல்லாம் எடுத்தார். கிரேக்கப் புராணம், நார்ஸ் கதைகள், மலிவு விலை நாவல்கள் எல்லாம் உதவின. கடையில் வாங்கிய ஹாங்காங் பிளாஸ்டிக் பொம்மைகளைப் பார்த்தே சில அரக்கர்களை உருவாக்கினார்கள். அந்த வேட்டையில்தான் ஆசியாவின் நாகமும் சிக்கியது.

1975 இலையுதிர் காலம். விளையாட்டை வெளியிட்ட கம்பெனியின் சிறு பத்திரிகையான ‘தி ஸ்ட்ராட்டஜிக் ரிவ்யூ’வின் மூன்றாம் இதழ். புதிய அரக்கர்களை அறிமுகம் செய்யும் பகுதியில், பனிமனிதனும் பேயும் வந்த அதே பட்டியலில், நாகமும் இடம் பெற்றது.

இரண்டு ஆண்டு கழித்து, 1977இல், ‘மான்ஸ்டர் மானுவல்’ வந்தது. இந்த விளையாட்டின் முதல் கெட்டி அட்டைப் புத்தகம். அகர வரிசையில் 350க்கும் மேற்பட்ட அரக்கர்கள். அதில் நாகம் மூன்று வகையாகப் பிரிந்து நின்றது: காவல் நாகம், ஆவி நாகம், நீர்நாகம். மூன்றுக்கும் பாம்புடல், மனிதத் தலை.

நீர்நாகத்தின் விவரம் இப்படிப் போகும். நீளம் 10 அடி. தெளிந்த நன்னீரில் வாழும். மரகதப் பச்சையிலிருந்து நீலப்பச்சை வரை நிறம், உடம்பில் வலைப்பின்னல் கோலம். கடித்தால் விஷம். மந்திரம் தெரியும், ஆனால் நெருப்பு மந்திரத்தைத் தொடாது. தரையில் ஊர்வதைப் போல இரு மடங்கு வேகத்தில் நீரில் நீந்தும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஓர் எண். உயிர்ப் பகடை: ஏழிலிருந்து எட்டு.

*

அந்த எண்தான் திருப்புமுனை.

ஏழு பகடை நாகமானால், எட்டு முகம் கொண்ட பகடைகளில் ஏழை எடுத்து உருட்ட வேண்டும். விழுந்ததைக் கூட்டினால் அதுதான் அந்த நாகத்தின் உயிர். எல்லாம் எட்டாக விழுந்தாலும் 56க்கு மேல் போகாது. வீரனின் வாள் ஒவ்வொரு முறை படும்போதும் அதில் சில புள்ளிகள் குறையும். பூஜ்யம் வந்தால் நாகம் செத்தது. பிறகு அதன் உறைவிடத்தில் என்ன கிடைக்கும் என்பதற்கும் ஓர் அட்டவணை, அதற்கும் பகடை. கொன்றவனுக்கு அனுபவப் புள்ளி உண்டு, எடுத்த புதையலுக்கும் உண்டு.

கைகாக்ஸ் தீய எண்ணத்தோடு இதைச் செய்யவில்லை. அவர் வந்த வழி அப்படி. பொம்மைப் படைகளின் உலகத்தில் எண்ணிக்கை இல்லாதது மேசைமேல் நிற்க முடியாது. குதிரைக்கு எத்தனை அங்குல ஓட்டம், கவசத்துக்கு எத்தனை மதிப்பு என்று கேட்டுப் பழகிய கை, நாகத்தைப் பார்த்தும் அதையே கேட்டது.

அவருக்கு நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீர்நாகத்தின் குணம் என்று அந்தப் பக்கத்தில் குறிக்கப்பட்டிருப்பது நடுநிலை. அது எதையும் ஆவலோடு பார்க்கும், சீண்டாதவரை தாக்காது. காவல் நாகமோ நல்ல பக்கத்தைச் சேர்ந்தது, புனித இடங்களைக் காப்பது. மூன்றில் ஆவி நாகம் ஒன்றுதான் முழுக்கத் தீயது. ஐரோப்பிய டிராகனைப் போல நாகத்தை வெறும் கொடூரமாக அவர் ஆக்கிவிடவில்லை. ஆசியக் கோவில் வாசலில் நின்ற நாகத்தின் ஏதோ ஒரு நிழல் லேக் ஜெனீவாவரை போயிருக்கிறது.

ஆனால் ஆட்டத்தின் இழுப்பு குணக்குறிப்பைவிட வலிமையானது. கொன்றால் புள்ளி, எடுத்தால் பொன் என்று விதி இருக்கும்போது, 56 புள்ளி உயிரோடு ஏரியில் நீந்தும் ஒன்றை எத்தனை ஆட்டக்காரர்கள் கும்பிட்டுவிட்டு விலகிப் போவார்கள்?

காளியனை நினைத்துப் பாருங்கள். யமுனையை நஞ்சாக்கிய நீர்நாகம் அவன். கண்ணன் அவன் படத்தின்மேல் ஆடினான், நெரித்தான். நாக மனைவியர் வந்து மன்றாடியதும் நிறுத்தினான். காளியன் சாகவில்லை, கடலுக்குப் போகச் சொல்லி அனுப்பப்பட்டான். தமிழ்ப் பிள்ளைகள் கேட்டு வளரும் நாகச் சண்டையின் முடிவு அது. அந்த முடிவை எழுத 1977ஆம் ஆண்டுப் புத்தகத்தின் அட்டவணையில் கட்டம் இல்லை.

எண்ணின் ஆட்சி நாகத்தோடு நிற்கவும் இல்லை. 1980இல் வந்த ‘டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்’ புத்தகத்தில் இந்தியப் புராணத்துக்குத் தனி அத்தியாயம். இந்திரன், விஷ்ணு, யமன், காளி ஆகியோரோடு கார்த்திகேயனும் இருக்கிறார். கேமரன் மலையின் பிரிஞ்சாங்கில் தெண்டாயுதபாணியாகக் கோவில் கொண்டிருக்கும் அதே முருகன்தான். அவருக்கும் உயிர்ப் புள்ளி இத்தனை, கவசம் இத்தனை என்று அச்சிட்டார்கள்.

இத்தனைக்கும் ‘மான்ஸ்டர் மானுவல்’ வந்தபோது டென்டானின் புத்தகம் அமெரிக்காவில் வெளியாகி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. விலங்கைப் பார்த்துச் சிரித்தால் புரளும் நாகம் அங்கே ஆங்கிலத்திலேயே அச்சில் இருந்தது. விளையாட்டுப் புத்தகத்தின் மூன்று நாகங்களில் ஒன்றிலும் அதன் சாயல் இல்லை. 2014இல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது, மறைந்துபோன ஏதோ ஓர் இனம் படைத்தவை நாகங்கள் என்று புதிய பிறப்புக் கதை எழுதினார்கள். எலும்பு நாகம், காவல் நாகம், ஆவி நாகம் மூன்றும் அந்தப் பதிப்பின் ‘மான்ஸ்டர் மானுவ’லில் இடம் பெற்றன. நீர்நாகம் அதில் இல்லை.

*

எண்ணில் அடங்கியதாக நினைத்த நாகத்தின் மற்ற பாதி கேமரன் மலையில் கிடந்தது.

ரிங்லெட் ஏரிக்கு மேலே இருந்த சரிவுகள் 1963க்குப் பிறகு மாறிக்கொண்டே வந்தன. தேயிலைச் செடியாவது மண்ணை இறுகப் பிடிக்கும். அதைச் சுற்றி வந்த காய்கறித் தோட்டங்களுக்கும் கட்டடங்களுக்கும் சரிவை வெட்டிப் படியாக்கினார்கள், பல இடங்களில் அனுமதியே இல்லாமல். ஒவ்வொரு மழைக்கும் செம்மண் கரைந்து ஓடைக்கு வந்தது, ஓடை அதை ஏரிக்குக் கொண்டுவந்தது. சாலையிலிருந்து பார்ப்பவர்களுக்கே தெரியும்படி ஏரி பழுப்பானது. அடியில் வண்டல் ஏறியது. நீர் நிற்க வேண்டிய இடத்தில் மண் நின்றது.

2013 அக்டோபர் 23, விடிவதற்கு வெகுநேரம் முன்பு. விடாத கனமழை. ஏரி ஏறிக்கொண்டே போனது. அணையைக் காக்க மதகுகளைத் திறந்தார்கள். கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. சேறும் நீருமாக வந்த வெள்ளம் வீடுகளையும் வண்டிகளையும் புரட்டிப்போட்டது. உயிர்கள் போயின.

மலையின் மேல் அளவு மீறினால் அடியில் கிடப்பது புரளும் என்று செமாய்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்ன மீறல் வேறு, இங்கே நடந்த மீறல் வேறு. ஆனாலும் அந்தக் கதையையும் இந்த இரவையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் யாருக்கும் 56 புள்ளி உயிர்கொண்ட நாகம் மிகச் சிறியதாகத் தெரியும்.

நான்கு ஆண்டுகள் போயின. 2017இல் மலேசியாவிலேயே இருவர் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். எழுத்தாளர் ஜெடெக் சியூ, ஓவியர் முன் காவ். லேக் ஜெனீவாவின் நிலவறைகளை விட்டுவிட்டு, தென்கிழக்காசிய ஆறுகளையும் காடுகளையும் வைத்தே மேசை விளையாட்டுக்கான சிறு நூல்களை வரிசையாக வெளியிட்டார்கள். அவற்றில் ஒன்று முதலைகளின் ஆற்று ராஜ்ஜியம். 2019இல் சியூ எழுதிய இன்னொரு நூலில் சாபம் பெற்ற முதலை ஒன்று வருகிறது. ஆற்றோர மக்கள், வெளியிலிருந்து வந்த கம்பெனி, நடுவே அந்த முதலை. சரவாக்கின் பாத்தாங் லுப்பார் ஆற்றை அஞ்ச வைத்து, 1992இல் சுட்டுக் கொல்லப்பட்ட பூஜாங் செனாங் என்ற முதலையின் கதை அந்த எழுத்துக்குப் பின்னால் கேட்கிறது.

முதலைக்கு உடம்பு உண்டு. அதைப் பகடைக்குள் கொண்டுவர முடியும். உடம்பே மலையாகவும் நீராகவும் இருக்கும் பகாங்கின் நாகத்துக்கு உயிர்ப் புள்ளி எழுத உட்காரும் ஆட்ட நடத்துநர் அந்தக் கட்டத்தில் என்ன எண்ணைப் போடுவார்? கட்டத்தை வெறுமையாக விட்டால், வாளோடு வந்து உட்கார்ந்திருக்கும் நால்வரும் அந்த ஏரிக்கரையில் என்ன செய்வார்கள்?

(தொடரும்)